அட்டைக்கடிப் புண் ஆறுதல்

வால்பாறையில் மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் ஆனைமலைக் காடுகளில் நடப்போரும் அடிக்கடி பெறும் சிறு காயம் அட்டைக்கடி. உடல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்வதைக் கண்ணெதிரே காட்டும் எளிய சான்றும் அதுவே.

ஹீமாடிப்சா பேரினத்தைச் சேர்ந்த நில அட்டை, தாடைகளால் தோலைக் கீறி எச்சிலைச் செலுத்துகிறது. அதிலுள்ள ஹீமாடின் என்னும் புரதம், இரத்தம் உறைவதற்கு வேண்டிய திராம்பின் நொதியை முடக்கிவிடும். அதனால்தான் அட்டை விழுந்த பின்னும் இரத்தம் நெடுநேரம் கசிகிறது. புதிதாக மலையேறியவர்கள் பதறிப்போவதும் இதைப் பார்த்துத்தான்.

எச்சிலின் வீரியம் தணிந்ததும் தட்டணுக்கள் திரண்டு ஒட்டுகின்றன. ஃபைப்ரின் இழைகள் வலையாகப் பின்னிக் கடிவாயை அடைக்கின்றன. பின்னர் வெள்ளணுக்கள் கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. நார்த்திசுச் செல்கள் கொலாஜன் சுரக்க, விளிம்பிலிருந்து நகரும் மேல்தோல் செல்கள் புண்ணை மூடுகின்றன. கடி ஆழமற்றது என்பதால் பெரும்பாலும் தழும்பு தங்காது. ஆழமான வெட்டுக்காயத்தில் அப்படியல்ல: அங்கு உருவாகும் தழும்பு, பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே எட்டும்.

அரிப்பு தாளாமல் சொறிந்து பொருக்கைப் பெயர்ப்பதே ஆறுதலைக் கெடுக்கும் முதன்மைக் காரணம். நீரிழிவு உள்ளோருக்குச் சிறு புண்ணும் தாமதமாகவே ஆறக்கூடும்.