அளக்கப்பட்டவர்கள் எழுதும் குறிப்பு

குற்றாலம் சித்திரசபையின் சுவர்களெங்கும் ஓவியங்கள். சாரலுக்கு வருகிறவர்களில் பலர் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள். நம் முன்னோர் பார்க்காமல் திரும்பியதற்குக் காரணம் வேறு.

பக்கத்துச் செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1936 நவம்பர் 12 பிரகடனம் அந்த சமஸ்தானத்தின் கோயில்களை நமக்குத் திறந்தது. குற்றாலமும் தென்காசியும் சென்னை மாகாணம். இங்கே 1939 சட்டம் அறங்காவலர் இசைந்தால் திறக்கலாம் என்றது. எல்லாக் கோயில்களிலும் நுழைவது நம் உரிமை என்று சட்டமாக 1947 ஆயிற்று. சில கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினோரு ஆண்டுகள்!

அருங்காட்சியகக் கதை இன்னும் கசப்பு. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆய்வாளராக நுழையும் முன்பே நாம் அளவெண்களாக உள்ளே போய்விட்டோம்.

இன்று முதுகலை முடித்த நம் பிள்ளைகள் காப்பாட்சியர் ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். பதிவேட்டைச் சரிபார்ப்பது, பொருள் வந்த வழியைத் தேடுவது, காட்சிக் குறிப்பு எழுதுவது: இதுதான் வேலை. உதவித்தொகை இல்லையென்றால் தென்காசிப் பெண் சென்னையில் அறை வாடகைக்கு எங்கே போவாள்? அனுபவம் கிடைக்கிறதே என்கிறார்கள். அனுபவத்தைக் கொடுத்து மெஸ் கணக்குத் தீர்க்க முடியுமா?

சித்திரசபைச் சுவர்முன் அவள் நின்றால், தீட்டியவர் யார் என்பதோடு, பார்க்க விடப்படாதவர் யார் என்றும் கேட்பாள். அந்தக் கேள்வி காட்சிக் குறிப்பில் ஏற, முதலில் அவளுக்கு மாத உதவித்தொகை வேண்டும்.