கோடிட்ட இடங்களை நிரப்புக

'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்னும் தொடரைத் தேர்வுத் தாள்களில் நீங்கள் பன்முறை கண்டிருப்பீர்கள். தேர்வுகள் முடிந்த பின்னும் அந்தத் தொடர் நம்மை விடுவதில்லை. கல்லூரியில் இடம் பெறவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும், ரயிலில் இருக்கை பதிவு செய்யவும் நாம் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். அந்த வெற்றிடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று அதனைச் சிறிது காண்போம்.

பள்ளி அலுவலகத்தில் நூறு மாணவர்க்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதவேண்டும் என்று கொள்வோம். நூற்றிலும் வாசகம் ஒன்றே. பெயர், வகுப்பு, நாள் ஆகியவையே வேறு. மாறாததை ஒருமுறை அமைத்து வைத்து, மாறுவதற்கு மட்டும் இடம் விட்டால் உழைப்பு எவ்வளவு குறையும்! இந்த எளிய எண்ணமே படிவத்தின் உயிர்.

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றியபோதே இவ்வெண்ணமும் உடன் தோன்றியது. கூட்டன்பர்க் என்றதும் அவர் அச்சிட்ட விவிலியமே நம் நினைவிற்கு வரும். ஆயின், அதே காலத்தில், அவர் வாழ்ந்த ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரில் ஒற்றைத் தாள் ஒன்றும் அச்சாயிற்று. துருக்கியரிடமிருந்து சைப்பிரஸ் தீவைக் காக்கப் பொருள் திரட்டும் பொருட்டு வழங்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டு அது. லத்தீன் வாசகம் முழுவதும் அச்சிலிருக்கும். பொருள் கொடுத்தவரின் பெயருக்கும், ஊருக்கும், நாளுக்கும் இடம் விடப்பட்டிருக்கும். அவற்றை எழுத்தர் பேனாவால் நிரப்புவார். இன்று எஞ்சியிருக்கும் சீட்டுகளுள் ஒன்றில் 1454 அக்டோபர் 22 என்னும் நாள் காணப்படுகிறது.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களைக் கையால் தொகுத்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கு ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியாளர் புதுவழி கண்டார். ஒருவருக்கு ஓர் அட்டை. ஆண், பெண், வயது முதலிய ஒவ்வொரு விடைக்கும் அட்டையில் ஓரிடம். அந்த இடத்தில் ஒரு துளை. துளை வழியே ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டதும் மின்சாரம் பாயும். எண்ணும் முள் ஓர் அடி நகரும். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் இவ்வாறு தொகுக்கப்பட்டன.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பேனா பிடித்த எழுத்தர் ஓரத்திலேனும் ஒரு விளக்கம் எழுதலாம். துளையிட்ட அட்டையிலோ, முன்னரே வகுக்கப்பட்ட விடையன்றி வேறு விடைக்கு இடமில்லை. அந்த 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கறுப்பின மரபினருள் கலப்பு மரபினரை, கறுப்பர் குருதி கால் பங்கு உடையார், எட்டில் ஒரு பங்கு உடையார் என்றெல்லாம் பிரித்து எழுதச் சொன்னார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்து இதனை யார் அறிய முடியும்? 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அப்பிரிவுகள் இல்லை. மக்கள் மாறவில்லை, கட்டமே மாறியது!

ஹாலரித் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது; அவ்வாறு இணைந்த நிறுவனமே 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. 1964-இல் அந்நிறுவனம் காந்த நாடா பொருந்திய தட்டச்சுப் பொறி ஒன்றை வெளியிட்டது. இரண்டு நாடாக்கள் கொண்ட பொறியில், ஒன்றில் கடித வாசகமும் மற்றொன்றில் முகவரிகளும் இருக்கும். பொறி அவ்விரண்டையும் இணைத்துக் கடிதங்களைத் தானே அடித்துத் தள்ளும். பின்னர் இப்பணிக்குக் கணிப்பொறி வந்தது. 1978-இல் வேர்டுஸ்டார், 1989-இல் விண்டோஸுக்கான வேர்டு எனச் சொற்செயலிகள் பரவின. மாறாத வாசகத்தைத் தாங்கும் வார்ப்புரு, விவரங்களைக் கேட்டு வாங்கும் படிவம் ஆகிய இரண்டும் அவற்றுள் ஒன்றாயின. பெயரை ஒருமுறை அடித்தால் போதும். அது பத்து இடங்களில் தானே சென்று அமரும். நாளைக் கணிப்பொறியே இட்டுக்கொள்ளும்.

ஒருமுறை சரியாக அடித்தால் பத்து இடங்களில் சரி. ஒருமுறை பிழைத்தாலோ பத்து இடங்களிலும் பிழை. என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உயர்கல்விக்கு அவள் நிரப்பிய படிவம், பெயரோடு குடும்பப் பெயரும் கேட்டது. நம்மவருட் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிப்பது. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணிப்பொறி ஏற்கவில்லை. எனவே தந்தையின் பெயரை அங்கே எழுதினாள். வந்த கடிதங்கள் யாவும் அவளைத் தந்தையின் பெயராலேயே அழைத்தன. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், சேர்க்கைக் கடிதத்தில் வேறொரு பெயர்! இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நிறுவுவதற்குள் கடைசி நாள் நெருங்கிவிட்டது. இடம் கிடைத்தது, ஆயினும், தான் தானே என்று மெய்ப்பிக்க அந்தப் பெண் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. தவறு அவளுடையதா? கட்டத்தை வகுத்தவர் தம்மைப் போன்றவரை மட்டுமே நினைத்து வகுத்தார்.

மாணவ நண்பர்களே, நேற்றுவரை நீங்கள் படிவங்களை நிரப்பியவர்கள். நாளை உங்களுட் பலர் அவற்றை வகுப்பவர்கள் ஆவீர்கள். அப்போது மாறுவது எது, மாறாதது எது என்று முதலில் ஆராயுங்கள். உங்கள் பெயரை மட்டும் இட்டுச் சோதித்து நிறைவு அடையாதீர்கள். தலைப்பெழுத்து உடையவர், ஒற்றைப் பெயருடையவர், தந்தையை அறியாதவர் ஆகியோரையும் நினைத்துப் பாருங்கள். எக்கட்டத்திலும் அடங்காதவர்க்கென்று 'பிற விவரம்' என ஒரு வரியேனும் விடுங்கள். கோட்டின் நீளத்தை வகுக்கும் உரிமை உங்களுடையது. அந்தக் கோட்டில் ஒரு மனிதர் தம்மை எழுத இடமிருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.