எலி மருந்துக்கு வந்த யோகம்

1933, பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல். அந்தக் குளிரில் எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடேரி, நூறு பவுண்டு கெட்டுப்போன தீவனம், அப்புறம் ஒரு பால் கேன். கேனில் பால் இல்லை. ரத்தம். உறையவே உறையாத ரத்தம்.

மாட்டு டாக்டரைத் தேடி வந்த மனிதர் அவர். சனிக்கிழமை என்பதால் ஆபீஸ் மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தார். அது பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடம்.

விஷயம் அடியோடு புதுசில்லை. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டால், அதைத் தின்ற மாடுகள் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும். கனடாவில் ஃப்ராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் 1920களிலேயே இதைக் கண்டுபிடித்திருந்தார். தீவனத்தை மாற்றுங்கள், மாட்டுக்கு நல்ல ரத்தம் ஏற்றுங்கள் என்பதைத் தாண்டி லிங்க்கால் அன்றைக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் பேராசிரியர் விடவில்லை. ஆறு வருஷம் மல்லுக்கட்டி, 1939-ல் அந்த விஷத்தைத் தனியே பிரித்தார்கள். பெயர் டைகூமரால்.

ரத்தம் உறைவதற்கான புரதங்களை நம்முடைய கல்லீரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்த விஷம் வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

லிங்க் குழுவினர் இதைப்போலவே பல பொருட்களைத் தயாரித்துப் பார்த்தார்கள். அதில் வீரியமான ஒன்று 1948-ல் கடைக்கு வந்தது, எலி மருந்தாக! ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை. அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்துத்தான் 'வார்ஃபரின்' என்று பெயர் வைத்தார்கள்.

1951-ல் அமெரிக்க ராணுவ வீரர் ஒருவர் உயிரை விடும் எண்ணத்தில் அந்த எலி மருந்தைத் தின்றார். வைட்டமின் கே-யும் ரத்தமும் கொடுத்ததில் பிழைத்துக்கொண்டார். அட, முறிவு மருந்து கையில் இருக்கும்போது இதை மனிதர்களுக்கும் அளந்து கொடுக்கலாமே? 1954-ல் வார்ஃபரின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். எலி மருந்து கடைக்கு வந்த அதே 1948-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் இன்னொரு காரியம் ஆரம்பித்தது. 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு, எதனால் இதய நோய் வருகிறது என்று வருஷக்கணக்கில் கண்காணிக்கத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், காற்றில் படபடக்கும் துணி மாதிரி நடுங்குவதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நாடி தாளம் தப்பி ஓடும். மேலறை முழுசாகச் சுருங்காததால் ரத்தம் அங்கே தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டென்று டாக்டர்களுக்கு முன்பே தெரியும். மற்றவர்களுக்கு? வயசானால் நாடி கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்ற மெத்தனம்தான் அதிகம். 1978-ல் ஃப்ராமிங்ஹாம் கணக்கு வெளியானதும் அந்த மெத்தனம் ஆட்டம் கண்டது. வால்வு நன்றாக இருந்தாலும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து 5 மடங்குக்கு மேல். வால்வும் கெட்டிருந்தால் 17 மடங்கு!

ஆபத்து தெரிந்துவிட்டது. மருந்தும் அலமாரியில் இருக்கிறது. கொடுக்க வேண்டியதுதானே? பயம். கட்டியைத் தடுக்கும் மருந்தே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிட்டால்?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பரிசோதித்தார்கள். 1,007 நோயாளிகள், மூன்று கோஷ்டி. ஒன்றுக்கு வார்ஃபரின், ஒன்றுக்கு ஆஸ்பிரின், ஒன்றுக்கு வெத்து மாத்திரை. 1989-ல் முடிவு வந்தது. ரத்தக் கட்டியால் பாதிக்கப்பட்டவர்கள் வெத்து மாத்திரைக் கோஷ்டியில் 21 பேர், ஆஸ்பிரினில் 20 பேர், வார்ஃபரினில் 5 பேர். அடுத்தடுத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது உறுதியானது.

மருந்து மனிதர்களிடம் வந்தது 1954. இந்த நோய்க்கு இது பலிக்கும் என்று நிரூபணமானது 1989. நடுவில் 35 வருஷம். அதற்குள் கை கால் விழுந்தவர்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

வார்ஃபரினிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். திடீரென்று கீரை அதிகம் சாப்பிட்டாலும் கணக்கு மாறும், கீரையில் வைட்டமின் கே இருப்பதால். 2009-ல் டாபிகாட்ரான் மருந்தின் பெரிய ஆய்வு முடிவு வந்தபிறகு, இந்த அடிக்கடி சோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் வரிசையாக வந்தன. பலருக்கு இன்று அவைதான் முதல் தேர்வு.

அப்படியானால் எலி மருந்துக்கு விடை கொடுத்தாயிற்றா? இல்லை. ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் கெட்டவர்களிடம், இந்தியா உட்பட 24 நாடுகளில், புது மருந்தான ரிவராக்சபானையும் வார்ஃபரின் வகையையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. இறப்பு குறைவாக இருந்தது பழைய மருந்தில்தான்! ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் விட்டுப்போகாத நம் நாட்டுக்கு இது சின்னச் செய்தி இல்லை. 'பழைய மருந்துதானே' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பலபேருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. முதல் அறிகுறியே பக்கவாதமாக இருந்துவிடுவதும் உண்டு. வீட்டில் 65 தாண்டிய அப்பா, அம்மா இருந்தால், அவர்கள் மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். தாளம் தப்புகிற மாதிரி இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.