சிலேட்டர் கிராமங்கள்

சிலேட்டர் கிராமங்கள் எனப்படுபவை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டரின் வழிகாட்டலில் 1916 ஆம் ஆண்டு முதல் கல்லூரி மாணவர்களால் ஆய்வு செய்யப்பட்ட தென்னிந்தியக் கிராமங்கள் ஆகும். இவற்றுள் சில பின்னர் பலமுறை மீளாய்வு செய்யப்பட்டன. ஒரே ஊரின் பொருளியல் வாழ்வை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து அறிய உதவுவதால் இவ்வாய்வுகள் சிறப்பிடம் பெறுகின்றன.

பின்னணி

கில்பர்ட் சிலேட்டர் (1864–1938) இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளர். ஆக்சுபோர்டில் தொழிலாளர்களுக்கென நிறுவப்பட்ட ரசுக்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் இந்திய மாணவர்கள் கற்ற பொருளியல் பாடநூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆலைகளையும் சந்தைகளையும் அடிப்படையாகக் கொண்டவை. மாணவர்களின் சொந்த ஊர்களில் நிலம், கூலி, கடன் ஆகியவை எவ்வாறு இயங்கின என்பதற்கு அந்நூல்களில் விடை இல்லை.

ஆய்வு முறை

தாம் நன்கு அறிந்த ஒரு கிராமத்தைத் தேர்ந்து, ஒரு வினாக்கொத்தின் துணையுடன் தகவல் திரட்டுமாறு மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நில உடைமை, பயிர், பாசனம், கூலி, கடன், கைத்தொழில் முதலியன பற்றி அவர்கள் எழுதிய அறிக்கைகள் தொகுக்கப்பட்டு, 1918 இல் சிலேட்டரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளிவந்தன.

தமிழகக் கிராமங்கள்

இன்றைய தமிழ்நாட்டில் உள்ள கிராமங்களுள் பின்வருவன அதிகம் அறியப்பட்டவை:

* இருவேல்பட்டு (அன்றைய தென்னாற்காடு மாவட்டம்)
* தூசி (அன்றைய வட ஆற்காடு மாவட்டம்)
* பாலக்குறிச்சி (அன்றைய தஞ்சாவூர் மாவட்டம்)
* வடமலைபுரம் (அன்றைய இராமநாதபுரம் மாவட்டம்)
* கங்கைகொண்டான் (திருநெல்வேலி மாவட்டம்)

இவற்றுள் புதுச்சேரிக்கு மிக அண்மையில் உள்ளது இருவேல்பட்டு ஆகும். இது தற்போது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஆய்வு நடந்த காலத்தில் அரியாங்குப்பம் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இருவேல்பட்டு பிரித்தானியரின் சென்னை மாகாணத்தில் இருந்தது.

மீளாய்வுகள்

1936–37 இல் பி. ஜே. தாமசு, கே. சி. இராமகிருட்டிணன் ஆகியோர் வழிநடத்திய மீளாய்வு 1940 இல் நூலாக வெளிவந்தது. 1960களில் மார்கரெட் ஆசுவெல் சில கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எசு. குகன் முதலியோர் தமிழகக் கிராமங்களை மீளாய்வு செய்தனர். 2008 இல் ஜான் ஆரிசு, ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை ஆராய்ந்தனர்.

கண்டறிந்தவை

1916 இல் இருவேல்பட்டில் பெருநிலக்கிழார்களின் ஆதிக்கம் வலுவாக இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த படியாட்கள், திருமணம் போன்ற செலவுகளுக்காகப் பெற்ற கடனால் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்தனர். கடனை அடைக்க இயலாத நிலையில் அப்பிணைப்பு நீடித்தது. 2008 ஆம் ஆண்டின் ஆய்வு, நிலக்கிழார்களின் பிடி பெரிதும் தளர்ந்துவிட்டதைப் பதிவு செய்தது. வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலைகளால் தலித் தொழிலாளர்கள் அவர்களைச் சார்ந்திருப்பதும் குறைந்திருந்தது.

குறைகளும் பயனும்

அக்காலக் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எனவே சேரியின் வாழ்வை அவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே கண்டனர் எனலாம். ஒவ்வொரு ஆய்வும் வெவ்வேறு நோக்கிலும் முறையிலும் நடத்தப்பட்டதால், அவற்றின் எண்களை நேரடியாக ஒப்பிடுவதும் கடினம். ஐந்து ஊர்களின் நிலை தமிழகம் முழுமைக்கும் பொருந்தும் என்றும் கொள்ள இயலாது.

ஆயினும், பொதுவான கோட்பாடுகளை ஓர் ஊரின் வயலிலும் கூலியிலும் வைத்துச் சோதிக்கும் வழக்கத்தை இவ்வாய்வுகள் தென்னிந்தியப் பொருளியல் கல்வியில் தொடக்கி வைத்தன. பட்டப்படிப்பு மாணவர்கள் எழுதிய அறிக்கைகளே பிற்கால ஆய்வாளர்களுக்கு ஒப்பீட்டு அடித்தளமாக அமைந்தன.