கிழிந்த சட்டையும் அழுக்குப் பாதங்களும்

யூஸுஃப் நபி (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது உண்மையைச் சொன்னது ஒரு சட்டை. அது பின்புறம் கிழிந்திருந்தது. ஆயினும் அவர்கள் சிறை புகவே நேர்ந்தது. சாட்சி பற்றிய இந்தப் பழைய பாடத்தை நினைவூட்டும் வழக்கொன்று நமது நாட்டிலும் நடந்திருக்கிறது.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் கார்க் கொட்டிலில் ஆனந்தம் என்ற பெண் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். கணவர் மகாதேவன் சதாசிவம், 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948இல் பிரட்மனின் அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். மனைவி விவாகரத்துக் கோரியிருந்ததால் சந்தேகம் அவர் மீதே விழுந்தது. அவ்வீட்டு வேலைக்காரன் வில்லியமோ, கொன்றவர் எசமானே, தான் உதவி மட்டுமே செய்தேன் என்றான். நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி அரச தரப்பு அவனைச் சாட்சியாக்கியது.

எதிரிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்தவர், 1972 அரசியலமைப்பை வகுத்தவர் என்றே நாம் அறிந்த அதே கொல்வின்தான். அவரது வாதம் கடிகாரத்தைச் சுற்றியே சுழன்றது. சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வெளியேறிவிட்டார். மரணம் அதற்கு முன்னா, பின்னா?

பேராசிரியர் ஜீ.எஸ்.டபிள்யூ. டி சேரம், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடற்சூடு எவ்வளவு நேரத்தில் தணிகிறது என அளந்து ஆராய்ந்தவர். அந்த அறிவு எதிரிக்குத் துணைநின்றது. கயிற்றில் தொங்கியவர்களின் உடல்கள் இன்னொருவனின் கழுத்தைக் கயிற்றிலிருந்து மீட்க உதவின! எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித், இறந்தவரின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கைக் கொண்டு கொலை சமையலறையில் நடந்தது என்ற முடிவுக்கு வந்தார். வில்லியமின் கதை அங்கே உடைந்தது.

நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை. 1953 ஜூன் 25இல் ஜூரர்கள் ஏகமனதாகக் குற்றவாளியல்ல என்றனர். அதற்குள் சதாசிவம் சுமார் இருபது மாதங்களை விளக்கமறியலில் கழித்திருந்தார்.

சந்தேகம் இருக்குமிடத்தில் தண்டனையைத் தவிர்க்கச் சொல்கிறது நமது ஃபிக்ஹு. குற்றவாளி தப்பினாலும் நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்பதே அதன் உட்கருத்து. ஆனால் இங்கு கேள்வியொன்று எஞ்சுகிறது. முதலில் மன்னிப்புக் கொடுத்து வாயைத் திறக்க வைத்தவன் மீது பின்னர் எப்படிக் கைவைப்பது? ஒருவர் விடுதலையானார், மற்றவர் ஏற்கனவே மன்னிக்கப்பட்டிருந்தார். ஆனந்தத்தின் கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை.

இவ்வழக்கைப் பேசுவோர் கிரிக்கெட் வீரரையும் சட்டத்தரணியையுமே பேசுகிறார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நீதிமன்றப் படிகளில் காத்திருக்கும் நம்மவர்களின் கதையை எழுத முனையும் இளம் எழுத்தாளர்கள், வென்ற வாதத்தோடு நின்றுவிட வேண்டாம். அந்த அழுக்குப் பாதங்களுக்கு உரியவளையும் எழுதுங்கள்.