மூன்று நாளில் ஒரு ஆல்பம்: ரோலிங் ஸ்டோன்ஸும் எங்க ஏரியா கானாவும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்து வளர்ந்தவன் நான். கூட்ஸ் வண்டி போகும்வரை பைக்கை அணைத்துவிட்டு ஏதாவது பாட்டு கேட்பது பழக்கம். ஒருமுறை ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய 'லிட்டில் ரெய்ன்' போட்டேன். மெதுவான பாட்டு, மவுத் ஆர்கன் இழுத்து இழுத்து அழும். பின்னால் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்: "யார்றா செத்தது?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது மாமா சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் 'ப்ளூ அண்ட் லோன்சம்'. 2016 டிசம்பர் 2-ம் தேதி வந்தது. 12 பாட்டு. ஒன்றுகூட அவர்கள் எழுதியது இல்லை, எல்லாம் பழைய ப்ளூஸ் பாட்டுகள். 2015 டிசம்பரில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் புதுப் பாட்டு பதிவு செய்யத்தான் கூடியிருக்கிறார்கள். அறையின் சத்தம் பிடிபடுவதற்காக ஒரு பழைய பாட்டை வாசித்துப் பார்த்தார்கள். அது நன்றாக வரவே இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்றே நாளில் ஆல்பம் முடிந்துவிட்டது. பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது 72. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 74. (வாட்ஸ் 2021-ல் இறந்துபோனார். அவர் உயிரோடு இருக்கும்போது வந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இதுதான்.) 2018-ல் பாரம்பரிய ப்ளூஸ் பிரிவில் கிராமி விருதும் வாங்கியது.

வயசான காலத்தில் ஏன் அடுத்தவர் பாட்டு? அதற்கு 1961-க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். ஜாகர் கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கியது. குழுவின் பெயரும் மடி வாட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து வந்ததுதான். சுருக்கமாகச் சொன்னால் கடன் வாங்கியே தொடங்கிய குழு.

கடன் கொடுத்தவர்கள் யார்? மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். 1943-ல் ரயில் ஏறி சிகாகோவுக்குப் போனார். அவரைப்போல 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். ஆலை, இறைச்சிக் கூடம், ரயில்வே என்று கிடைத்த வேலையில் சேர்ந்தார்கள். வயல்காட்டுப் பாட்டு நகரத்து இரைச்சலுக்குள் வந்தபோது அதற்குக் கரண்ட் தேவைப்பட்டது. லிட்டில் வால்டர் என்பவர் மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒரே கைக்குள் பொத்திப் பிடித்து வாசித்தார், மவுத் ஆர்கன் சாக்ஸபோன் மாதிரி கர்ஜித்தது. 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தில் 4 பாட்டுகள் அவர் பதிவு செய்தவை. ஜாகரின் மவுத் ஆர்கனில் கேட்பதும் அவர் வழிதான். வால்டர் 1968-ல் ஒரு தெருச் சண்டைக்குப் பிறகு 37 வயதில் செத்துப்போனார்.

இப்போது நம்ம ஊர். ஹார்பர், பி அண்ட் சி மில், ரயில்வே யார்டு... வேலை தேடி கிராமத்திலிருந்து வந்து குடிசை போட்டவர்கள் வட சென்னையில் எத்தனை பேர்! பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் நடுவில் வளர்ந்ததுதான் கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, செத்தவரைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பாடுவது மரண கானா. நக்கலும் உண்டு, அழுகையும் உண்டு. தாளத்துக்குக் கையில் கிடைத்ததைத் தட்டுவார்கள். ப்ளூஸும் கானாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ராகம் வேறு, தாளம் வேறு. பிறந்த இடம் மட்டும் ஒரே மாதிரி.

சரி, பெயரும் பணமும் யாருக்குப் போனது? இங்கேதான் ஸ்டோன்ஸ் மீது எனக்கு மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு.

1965-ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்று இவர்களைக் கூப்பிட்டது. ஹவ்லின் வுல்ஃபும் பாட வேண்டும் என்று இவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பெரியவர் பாட, இவர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அது மரியாதை. ஆனால் 1969-ல் ராபர்ட் ஜான்சனின் 'லவ் இன் வெய்ன்' பாட்டைப் பதிவு செய்தபோது தட்டில் அவர் பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர் போட்டிருந்தது. காதலி ரயில் ஏறிப் போவதை ஸ்டேஷனில் நின்று பார்ப்பவனின் பாட்டு அது. ஜான்சன் 1938-லேயே, 27 வயதில், இறந்துவிட்டார். அந்தப் பாட்டு பொதுச் சொத்து இல்லை, உரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்ல 2000 ஆகிவிட்டது. 2016 ஆல்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை, பாட்டு எழுதியவர்கள் பெயர் போட்டுத்தான் வந்தது.

கானாவும் தொண்ணூறுகளில் தேவா மூலமாக சினிமாவில் பெரிதாகப் பரவியது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் தானே திரையில் வந்து பாடினார். ஹவ்லின் வுல்ஃப் டிவியில் வந்ததுபோல என்று எனக்குத் தோன்றும். 2018 ஜனவரியில் பா.இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, கானாவும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. ஆனால் இதெல்லாம் பெயர் தெரிந்தவர்கள் கதை.

எங்கள் தெருவில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிய ஒரு தாத்தா இருந்தார். மாமா சின்ன வயதில் கேட்ட சாவு வீட்டுப் பாட்டெல்லாம் அவர் பாடியது. அதில் ஒன்று பிறகு ஒரு கேசட்டில் வேறொருவர் பெயரில் வந்ததாம். தாத்தா கோபப்படவில்லை, டீக்கடையில் அதைப் போடச்சொல்லிக் கேட்பாராம். எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை, எழுதவும் தெரியாது.

அவர் குரலில் ஒரே ஒரு கேசட் அவர் மகளிடம் இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்தது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் நனைந்து, காய்ந்து, நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு மாமாவும் நானும் மூர் மார்க்கெட்டில் நல்ல டேப் ரெக்கார்டர் ஒன்று கிடைக்குமா என்று தேடப் போகிறோம். ஒட்டிய நாடாவைப் பிரிக்கத் தெரிந்த ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.