அபின் வயலும் அம்மாவின் வலியும்

போன மாதம் தங்கமணிக்கு இங்கே போபாலில் பித்தப்பை ஆபரேஷன். துளை போட்டு முடிக்க முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ராத்திரி அம்மா போன் செய்தபோது, "மார்ஃபின் கொடுத்திருக்காங்கம்மா, வலி தெரியாம தூங்குறா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அந்த மருந்து அன்னிக்கு எனக்கு ஏன்டா போடல?"

அன்னிக்கு என்றால் 2009. நான் நீமச் கிளையில் இருந்தேன். என்னைப் பார்க்க வந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, பக்கத்து ஊர் ஒன்றில் ஆபரேஷன். மூன்று ராத்திரி கத்தினார். சாதாரண வலி ஊசிதான் போட்டார்கள். மார்ஃபின் பற்றிக் கேட்டதற்கு, "லைசென்ஸ் தொல்லை சார், நாங்க வைக்கிறதே இல்லை" என்றார் டாக்டர்.

வேடிக்கை என்னவென்றால், நீமச்சைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அபின் வயல். பிப்ரவரியில் வெள்ளை வெளேரென்று பூ. பிறகு காய். மத்தியானத்துக்கு மேல் காயைக் கீறிவிட்டு, வடிந்து இறுகிய பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அத்தனையும் சர்க்காருக்கே. அளவு குறைந்தால் அடுத்த வருஷம் லைசென்ஸ் கிடையாது. கிளிக் கூட்டம் வந்து காயைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று விவசாயிகள் புலம்புவார்கள். பயிர்க் கடன் கொடுத்த எங்களுக்கும் கிளி மேல் கோபம்தான்! அபினிலிருந்து மார்ஃபின் பிரிக்கும் அரசாங்க ஆலையும் அதே ஊரில்தான். அபின் பாலைச் சட்டப்படி எடுத்து ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா.

அபினிலிருந்து மார்ஃபினை முதலில் பிரித்தவர் சேர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளுனர், 1800களின் தொடக்கத்தில். தானும் மூன்று இளைஞர்களும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அளவு மிஞ்சிப் போய், வினிகர் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார்கள். மருந்து பிறந்தபோதே ஓவர்டோஸும் கூடவே பிறந்துவிட்டது.

அந்த பயம் நம் ஊரில் 1985ல் போதைப்பொருள் சட்டமாக வந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷம் சிறை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. ஒரு ஆஸ்பத்திரி நாலைந்து லைசென்ஸ் ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டும், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. யாருக்கு வேண்டும் இந்த வம்பு? மருந்துக் கடைகள் கைகழுவின. 1997ல் நாடு முழுக்கச் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ! 1985 அளவிலிருந்து 97 சதவீத வீழ்ச்சி.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மணிக்கு ஒன்று என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். 18 கிலோ என்பது 822 பேருக்கு ஒரு வருஷம். அவ்வளவுதான், மொத்த இந்தியாவுக்கும். ஆபரேஷன்காரர்களை விடுங்கள், புற்றுநோய் முற்றியவர்களுக்கே இதுதான் நிலைமை. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரண மையம் தொடங்கினார்கள். அவர்களைப் போன்றவர்கள் கத்திக் கத்தி, 2014ல்தான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அம்மா விழுந்து ஐந்து வருஷம் கழித்து.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர்க் கூத்து. 1980ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது: ஆஸ்பத்திரியில் இந்த வகை மருந்து வாங்கிய 11,882 பேரில் நாலு பேருக்குத்தான் அடிமைப் பழக்கம் வந்தது என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கண் எதிரே கொடுத்த கணக்கு அது. அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலும் பயமில்லை என்று பரப்பினார்கள். 1996ல் பர்டூ கம்பெனி ஆக்ஸிகான்டினை இறக்கியது. அடிமைப்படுத்தும் தன்மையை மறைத்து விற்றதாக 2007ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையிலிருந்து ஹெராயின், அதிலிருந்து கள்ள ஃபென்டனில். 2021ல் மட்டும் இந்த வகை மருந்துகளால் செத்தவர்கள் 80,000க்கும் மேல். எங்கள் பாஷையில் சொன்னால், ஒருத்தர் கடனே கொடுக்காத மேனேஜர், இன்னொருத்தர் பத்திரம் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தவர்.

தங்கமணிக்கு மருந்து ஏற்றியபோது எனக்கும் உதறல்தான். "பழகிடாதா சிஸ்டர்?" என்று கேட்டேன். "ரெண்டு நாளைக்குத்தான். அப்புறம் குறைச்சு சாதாரண மாத்திரைக்கு மாத்திடுவோம்" என்றார். அளவு மிஞ்சினால் முதலில் குறைவது மூச்சு, அப்படியே நின்றும் போகலாம். அதற்கு மாற்று நாலாக்ஸோன், 1961ல் காப்புரிமை பெற்றது. போட்ட சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். அந்த ஊசி டிரேயில் தயாராக இருந்தது. விரலில் ஆக்ஸிஜன் கிளிப்பும் இருந்தது. ஆனாலும் அந்த நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, தங்கமணியின் நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணி, "பதினாலு" என்று எழுதிவிட்டுப் போனார்.